பார்க்க ஆள் இருந்தால்

தோளில் அடிபட்டு ஜிம்முக்குத் திரும்பும் விளையாட்டு வீரர்களில் ஓர் இனம் உண்டு. கனமாகத் தூக்க முடியவில்லையே என்பது அவர்கள் துன்பமல்ல. லேசாகத் தூக்குவதை நாலு பேர் பார்த்துவிடுவதுதான்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு ஜிம்முக்குப் போனால் ஜெயக்குமாரைக் காணலாம். வையம்பட்டிக்காரர். வாலிபாலில் ஸ்மாஷ் அடித்தே வலது தோளின் தசைநாரைக் கிழித்துக்கொண்டவர். மாதக் கடைசியில் மாநில அணிக்கான தேர்வு. பிசியோதெரபிஸ்ட் பானுமதி தெளிவாகச் சொல்லியிருந்தார்: காலுக்கு வேண்டிய எடை போடலாம், வலது கைக்கு ரப்பர் பட்டையும் இரண்டு கிலோ டம்பெல்லும் போதும், தலைக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. இதைக் கேட்டால் தேர்வுக்குப் போகலாம்.

இதில் என்ன கஷ்டம்? அந்த இரண்டு கிலோ ரோஸ் நிறம்.

கூடம் காலியாக இருக்கும்போது ஜெயக்குமார் அதை ஏந்தி, முழங்கையை விலாவோடு ஒட்டி, பானுமதி சொன்ன நிதானத்தில் மூச்சை எண்ணி எண்ணி, ஒரு பக்தரைப் போல உயர்த்துவார். கதவு திறந்ததா? டம்பெல் துண்டுக்கடியில் போய்விடும். யாரும் கேட்காமலே, "வார்ம்-அப்புங்க" என்பார்.

வார்ம்-அப் என்று சொன்னவர் அடுத்து ஏதாவது செய்துதானே ஆக வேண்டும்? பல நாள் தண்ணீர் குடிக்கப் போய்த் தப்பித்தார். ஒரு காலை ரெங்கராஜ் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மலைக்கோட்டையில் ஜவுளிக்கடை, தொப்பைக்காக ஜிம்மில் சேர்ந்தவர், கள்ளமில்லாத மனிதர்.

"நீங்க தூக்குங்க தம்பி. நான் இருந்து பாத்துட்டே போறேன்."

போதாதா? ஜெயக்குமார் கம்பியில் தட்டுகளை மாட்டினார். தலைக்கு மேல் ஒருமுறை ஏற்றினார். மறுமுறை பாதியில் தோள் கைவிட்டது. கம்பி தரையில் விழுந்த சத்தத்தில் ரெங்கராஜ் போனிலிருந்து நிமிர்ந்தார்.

"கடையிலேர்ந்து மெசேஜ் தம்பி. நான் பாக்கலையே. இன்னொரு தடவ தூக்குறீங்களா?"

சாயங்காலம் பானுமதி தோளை அழுத்திப் பார்த்துவிட்டு, இந்த வருடத் தேர்வை மறந்துவிடச் சொன்னார். ரப்பர் பட்டையிலிருந்து மறுபடி ஆரம்பம். காலையில் நடந்ததை அவர் வாயாலேயே கேட்டுக்கொண்டு, பிறகு கோபமில்லாமல் கேட்டார்: "ஜவுளிக்கடைக்காரராங்க உங்கள டீமுக்கு எடுக்கப் போறாரு?"



நீங்கள் சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். முதுகுப் பிடிப்போடு சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறினீர்களே, "உங்க பெட்டிய நான் மேல வைக்கட்டுங்களா" என்று பக்கத்து இருக்கைப் பெண் கேட்டதும் முந்திக்கொண்டு எழுந்து தூக்கியது யார்?