எந்தக் கம்பனி கார்ட் என்று மாமா கேட்டதற்குப் பதில்

மேற்பிரிவு லயம்,
இரத்தோட்டை.
வியாழக்கிழமை

அன்பும் மதிப்பும் உள்ள நிதுஷன் மாமாவுக்கு,

அக்கா மகள் அனுஷியா எழுதிக்கொள்வது. அம்மாவின் முழங்காலையும் அப்பாவின் கோபத்தையும் தவிர இங்கே எல்லாம் நலம். கொழும்பில் உங்கள் உடம்பும் உங்கள் ஹார்ட்வெயார் கடை முதலாளியின் மனநிலையும் நன்றாக இருக்கட்டும். கடிதத்தை நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும் என்று தமிழ் டீச்சர் சொல்லியிருக்கிறார். விசாரித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் நீங்கள் எங்கள் லயத்து அழகம்மா அக்காவின் போனுக்கு எடுத்து, "நீதான் புத்தகம் படிக்கிற பிள்ளை. எந்தப் போன் நல்லது, எந்தக் கம்பனி கார்ட் நமக்குக் கட்டுப்படியாகும்னு விசாரிச்சு எழுது, நான் வாங்கி அனுப்புறேன்" என்றீர்கள். அதை ஏன் போனிலேயே சொல்லவில்லை என்று நினைப்பீர்கள். அழகம்மா அக்காவின் போன் அவர் வீட்டு ஜன்னல் ஆணியில் ஒரு ஷொப்பிங் பைக்குள் தொங்குகிறது. அங்கே மட்டும்தான் சிக்னல் பிடிக்கும். கையில் எடுத்தால் போய்விடும் என்பதால் ஸ்பீக்கரில் போட்டு, எல்லாரும் பைக்குக் கீழே நின்று அண்ணாந்து பேசுவோம். வெளியூரில் வேலை செய்யும் அக்காவின் மகன் போனில் ஒரு கேள்வி கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து பதில் வரும். நீங்கள் "வாங்கி அனுப்புறேன்" என்று சொல்லி அரை மணித்தியாலம் ஆகவில்லை, எங்கள் வீட்டுக்கு டிவி வரப்போகிறது என்று கீழ் லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். அதனால்தான் கடிதம்.

எனக்கு ஏன் போன் அவசரம் என்பதை அன்றைக்கு முழுதாகச் சொல்ல முடியவில்லை. எங்கள் கணக்கு சேர் மாற்றலாகிப் போய்விட்டார், பதிலுக்கு யாரும் வரவில்லை. மாத்தளை டவுனில் இருக்கும் ரொஷானி டீச்சர் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகச் சனிக்கிழமை நான்கு மணிக்குப் போனில் ஸூம் வகுப்பு நடத்துகிறார், காசு வாங்குவதில்லை. இதுவரை யாருடைய போனிலாவது ஒட்டிக்கொண்டு சேரலாம் என்று விட்டிருந்தார். ஒரு திரையில் ஐந்தாறு தலை தெரிந்தால் எந்தத் தலைக்கு விளங்கியது, எந்தத் தலை சும்மா ஆடியது என்று அவருக்குத் தெரிவதில்லையாம். ஆகவே வருகிற மாதத்திலிருந்து சொந்தமாக இணைப்பு உள்ளவர்களை மட்டும் சின்னக் குழுவாக எடுக்கப் போகிறார். அதில் சேராவிட்டால் எனக்குக் கணக்கு இல்லை. சாதாரண தரப் பரீட்சையில் கணக்கு இல்லையென்றால் உயர்தரப் படிப்பு இல்லை. உயர்தரம் இல்லையென்றால் அடுத்தது என்ன என்பதை எங்கள் லயத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே உடனே விசாரணையைத் தொடங்கினேன். முதலில் இரத்தோட்டை பஜாரில் ஹுசைன் நானாவின் கடைக்கு அம்மாவோடு போனேன். நான் கேள்விகளை எழுதிக்கொண்டு போயிருந்தேன். பெட்டரி எத்தனை நாள் நிற்கும், கீழே விழுந்தால் என்ன ஆகும், மழையில் நனைந்தால் என்ன ஆகும், ஒரு வருடத்துக்குப் பிறகும் இது போனாக இருக்குமா என்றெல்லாம். நானா முதலில் நன்றாகத்தான் பதில் சொன்னார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "மகள், இந்தப் போனைச் செஞ்சவனும் இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டான்" என்றார். அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் ஒன்று விளங்கியது, மாமா. அலுமாரி வாங்கினால் ஒருமுறை வாங்கியதோடு சரி, அது பிறகு நம்மிடம் எதுவும் கேட்காது. போன் அப்படியில்லை. வாங்கிய பிறகுதான் அது சாப்பிடத் தொடங்குகிறது. ஆகவே போன் என்ன விலை என்பதை விட, மாதாமாதம் அதற்கு என்ன போட வேண்டும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பெக்கேஜ்களைப் பற்றி நானா விளக்கியதைக் கேட்டு வீட்டுக்கு வந்தும் யோசித்தேன். மிக மலிவான பெக்கேஜில் டேட்டா நிறையத்தான் தருகிறார்கள். ஆனால் பெரும்பகுதியை நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் இடையில் மட்டும் பாவிக்கலாம். அம்மா விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர். எங்கள் லயத்தில் ஒன்பது மணிக்குப் பிறகு இருமல் சத்தம்தான் கேட்கும். தூங்குகிறவர்களுக்கு இவ்வளவு அள்ளிக் கொடுக்கிறார்களே, விழித்திருக்கிறவர்களுக்கு ஏன் கொடுக்கிறார்கள் இல்லை? இன்னொரு பெக்கேஜில் வட்ஸ்அப் எவ்வளவு பாவித்தாலும் முடியாதாம். ஆனால் எங்கள் வகுப்பு வட்ஸ்அப்பில் நடப்பதில்லை. மூன்றாவதில் அதே கம்பனி கார்ட் போட்டவர்களோடு எவ்வளவு நேரமும் பேசலாம். அப்படிப் பேசுவதென்றால் எனக்கு அழகம்மா அக்காதான் இருக்கிறார், அவர் இருப்பது கூப்பிடு தூரத்தில். இந்தப் பெக்கேஜ்களை எல்லாம் யாரோ ஒருவரை மனதில் வைத்துத்தான் செய்திருப்பார்கள். அந்த ஆள் யாரென்று எவ்வளவு யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் லயத்தில் அவர் இல்லை.

அடுத்தது சிக்னல். இங்கே கம்பனிகளின் உண்மையான பெயரை யாரும் சொல்வதில்லை, அழகம்மா அக்கா கம்பனி, பிரதீஷ் அண்ணா கம்பனி என்றுதான் சொல்வார்கள். பிரதீஷ் அண்ணா அப்பாவோடு தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். அவருடைய கம்பனிதான் எல்லாவற்றிலும் மலிவு. ஆனால் லயத்துக்குள் ஒரு கோடு கூடக் காட்டாது, மேலே கோயிலடிக்கு ஏற வேண்டும். நானும் அவரும் ஒரு பின்னேரம் ஏறிப் பார்த்தோம். சிக்னல் இரண்டு கோடு, காலில் அட்டை அதைவிடக் கூட. எனவே அந்தக் கம்பனியை நான் மறுத்துவிட்டேன்.

இனி எழுதப் போவதை நீங்கள் அப்பாவிடம் கேட்கக் கூடாது. பிரதீஷ் அண்ணா தன்னுடைய பழைய போனை, "பாவிச்சுப் பாருங்க, புடிச்சா வச்சுக்கலாம்" என்று ஒரு கிழமைக்குத் தந்தார். அப்பா போன வாரம் செவ்வாய்க்கிழமை டவுனுக்குப் போய் அழகம்மா அக்கா கம்பனி சிம் ஒன்றைத் தன் அடையாள அட்டையில் எடுத்து, ஒரு கிழமைப் பெக்கேஜும் போட்டுக்கொண்டு வந்தார். எனக்கென்றால் சந்தோஷம். கையை நீட்டினேன். அப்பா தரவில்லை. புதுப் பொருள் வீட்டுக்கு வந்தால் சாமிக்கு வைக்காமல் தொடக்கூடாது, வெள்ளிக்கிழமைதான் நல்ல நாள் என்று சொல்லி, போனுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சாமித் தட்டில் படத்துக்கு முன்னால் சார்ஜ் வயரோடு சாய்த்து வைத்துவிட்டார். அப்பா, பெக்கேஜ் இன்றைக்கே தொடங்கிவிட்டது, நாள் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். நாள் எங்கே ஓடுது, வெள்ளிக்கிழமை வரைக்கும் இங்கதானே இருக்கும் என்றார். சரி, அணைத்தாவது வைக்கலாம் என்று கை வைத்தால் அம்மா வந்து தட்டிவிட்டார். சாமிக்கு முன்னால் வெளிச்சமாக இருப்பதை அணைத்தால் விளக்கை ஊதி அணைத்த மாதிரியாம். எங்கள் வீட்டிலேயே சிக்னல் முழுதாகப் பிடிக்கும் ஒரே இடம் அந்தச் சாமித் தட்டுதான் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. பழைய போன் என்பதால் அதற்குள் எத்தனையோ ஆப் கிடந்திருக்கிறது, எல்லாம் பல மாதமாகப் பசியோடு காத்திருந்திருக்கிறது, சிக்னலும் கிடைத்து, டேட்டாவும் கிடைத்து, கேட்க ஆளும் இல்லாமல் போனதும் ஒவ்வொன்றாகத் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் அப்பா குளித்து, கற்பூரம் காட்டி, எடுத்து என் கையில் தந்தார். திறந்து பார்த்தேன். டேட்டா ஒரு சொட்டு இல்லை.

அப்பா நம்பவேயில்லை, மாமா. "சாமிக்கு முன்னாடி வச்சது எப்படிடி கொறையும்?" என்று கேட்டார். படையல் வைத்தால் அப்படியே திரும்பி வருகிறதுதானே, இது மட்டும் எப்படி என்றும் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. எனக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதானே நல்ல நாள் பார்த்தார். அடுத்த நாள் சனிக்கிழமை. மறுபடி டேட்டா போட அப்பாவிடம் வழியில்லை, கேட்கவும் எனக்கு மனமில்லை. நான்கு மணிக்கு அழகம்மா அக்காவின் ஜன்னலடிக்கு ஓடினேன். அக்காவின் மகன் லைனில் பேசிக்கொண்டிருந்தார். முடிப்பார் முடிப்பார் என்று நின்றேன், வகுப்புதான் முடிந்தது. கமராவில் பூசிய மஞ்சளைத் துடைத்துப் பிரதீஷ் அண்ணாவிடம் போனைத் திருப்பிக் கொடுத்தோம். துடைத்தது போதவில்லை போல. அவர் குழந்தையின் போட்டோவெல்லாம் காமாலை வந்த மாதிரி விழுகிறதாம், அண்ணி இன்னும் எங்களோடு பேசவில்லை.

இவ்வளவையும் வைத்து நான் எடுத்திருக்கும் முடிவைச் சொல்கிறேன். புதுப் போன் வேண்டாம், நல்ல கடையில் பரிசோதித்த பழைய போன் போதும். கமரா எப்படி இருந்தாலும் பரவாயில்லை, பெட்டரி பெரிதாக இருக்கட்டும், இங்கே கரண்ட் தன் இஷ்டத்துக்குத்தான் வரும். ஒரே கம்பனி கார்டை மட்டும் ஏற்கும் பூட்டுப் போட்ட போன்களை மலிவாகத் தருவார்கள், தயவுசெய்து அவற்றின் பக்கமே போகாதீர்கள். அழகம்மா அக்கா கம்பனியில் மாணவர் பெக்கேஜ் ஒன்று இருக்கிறது, கொஞ்சம் விலைதான், ஆனால் பகலிலும் வேலை செய்யும். பிரதீஷ் அண்ணா கம்பனி எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். மாமா, இதில் மட்டும் நான் உறுதியாக இருக்கிறேன்.

அம்மா உங்களை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார். இந்தக் கடிதத்துக்கு முத்திரை வாங்கித் தந்தது அப்பாதான். எங்கள் வீட்டுச் சாமி உங்களுக்கும் துணையிருக்கட்டும்.

உங்கள் அன்பு மருமகள்,
அனுஷியா

பின்குறிப்பு: மாமா, இதற்கு மேலே எழுதிய எதையும் நீங்கள் வாசிக்க வேண்டாம். இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும், ஆனால் பின்குறிப்புக்கு இடம் கடைசியில்தானே. கடிதத்தைத் தபாலில் சேர்க்க வெள்ளிக்கிழமை காலையில் இறங்கினேன், பஸ்காரர் உங்கள் பார்சலைக் கையில் தந்தார். என் பதிலுக்குக் காத்திருக்காமல் வாங்கிவிட்டீர்கள். புதுப் போன், பூட்டுப் போட்டது, பிரதீஷ் அண்ணா கம்பனி, ஆறு மாதத்துக்குக் கட்டியும் விட்டீர்கள். கடைக்காரர் சிரித்துச் சிரித்துப் பேசியிருப்பார். உண்மையைச் சொல்கிறேன், பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அழுதேன். அதைப் பார்த்த அம்மா போனை மடியில் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார், கூட வேலை செய்கிற ஆட்களுக்குக் காட்டவாம். மத்தியானம் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையடியில் நிற்கும்போது மடிக்குள்ளிருந்து சத்தம் கேட்டிருக்கிறது. எடுத்துப் பார்த்தால் கம்பனி மூன்று மொழியிலும் நல்வரவு சொல்லியிருக்கிறது. அங்கே நான்கு கோடு பிடிக்கிறது, மாமா. அட்டையும் இல்லை.

நேற்றுச் சனிக்கிழமை நான்கு மணிக்கு மடுவத்தில் ஒரு கொழுந்துச் சாக்கின் மேல் உட்கார்ந்து வகுப்பில் சேர்ந்தேன். அந்தி நிறுவை நேரமும் அதுதான். ரொஷானி டீச்சர் ஒரு சமன்பாட்டைச் சொல்லி, எக்ஸின் பெறுமானம் என்ன, அனுஷியா சொல்லுங்கள் என்றார். நான் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து கங்காணி ஐயா, "புஷ்பவதி, பதினேழரை!" என்று கூவினார். அது அம்மாவின் கொழுந்து. டீச்சர் பதிவைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு, "பதினேழரை இல்லை. முழு எண் என்று சொன்னேனே, அந்தப் பிள்ளை யார், புஷ்பவதியா? பதிவில் பெயர் இல்லையே" என்றார். மடுவமே சிரித்தது. நான் நான்கு என்றேன். சரி என்றார், சின்னக் குழுவிலும் என் பெயரைப் போட்டுக்கொண்டார்.

நிறுவையை மெதுவாகச் சொல்லலாமே என்று கங்காணி ஐயாவிடம் கேட்டுப் பார்த்தோம். அவர் சம்மதித்தாலும் அம்மாவின் ஆட்கள் சம்மதிக்கவில்லை. கிலோவைச் சத்தமாகச் சொல்லாவிட்டால் பிறகு புத்தகத்தில் என்ன விழும் என்று யாருக்குத் தெரியும் என்றார்கள். அது நியாயம்தான். ஆகவே இப்படி முடிவாகியிருக்கிறது: இனிச் சனிக்கிழமைகளில் என் கணக்கு முடியும்வரை மடுவத்தில் தராசு தூக்குவதில்லை. அதுவரை எல்லாரும் சாக்கின் மேல் உட்கார்ந்து கால் நீட்டிக்கொள்வார்கள். ஒரு வகையில் அது நல்லது என்று அம்மாவின் முழங்கால் சொல்கிறது.

ஆறு மாதம் முடிந்ததும் தயவுசெய்து இதே கம்பனியில்தான் போடுங்கள். வேறு எதுவும் வேண்டாம். மாமா, இதில் மட்டும் நான் உறுதியாக இருக்கிறேன்.