கோட் கழற்றாத மாப்பிள்ளை

தாம்பரத்துக்காரர்களுக்கு வெயிலைப் பற்றி எல்லாம் தெரியும், குளிரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒருவன் மலைக்குப் போகிறான் என்று காதில் விழுந்துவிட்டால் போதும், ஆளாளுக்குக் குளிரைப் பற்றிப் பாடம் நடத்த வந்துவிடுவார்கள். மார்கழி மாதத்தில் மின்விசிறிக்குக் கீழே படுத்தாலே சளி பிடித்துவிடும் என்று பயப்படுகிற ஜனங்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நான் கோடைக்கானலுக்குப் பெண் பார்க்கப் போனேன். உயிரோடு திரும்பி வந்தேன் என்பதைத் தவிர அந்தப் பயணத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு, தினமும் மின்சார ரயிலில் பட்டணத்துக்குப் போய் வந்த குமாஸ்தா நான். எனக்கு வந்த முதல் இரண்டு சம்பந்தங்களிலும் பெண் வீட்டார் காபி குடித்துவிட்டு, "ஜெபிச்சிட்டுச் சொல்றோம்" என்று எழுந்துகொண்டார்கள். (எங்கள் சபையில் அதற்கு ‘வேண்டாம்’ என்று அர்த்தம். ஆண்டவர் மேல் பழியைப் போட்டுவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை, பாருங்கள்.)

மூன்றாவதாக வந்தது எஸ்தரின் போட்டோ. கோடைக்கானலில் டீச்சர். போட்டோவில் அவள் சிரிக்கவில்லை, வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். எனக்கு அந்த முகம் ரொம்பப் பிடித்துவிட்டது. பிடித்துப்போன அந்த நிமிஷத்திலிருந்து பயமும் பிடித்துக்கொண்டது. இவர்களும் ஜெபிக்கப் போய்விட்டால் என்ன செய்வது?

எஸ்தரின் அப்பா ஞானமணி, கட்டட ஓவர்சியர். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கல் பங்களாக்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். ஊருக்கு வருகிறவர்களை மலையெல்லாம் நடத்திக் கூட்டிப்போய் அந்தக் கட்டடங்களைக் காட்டுவது அவருடைய பைத்தியம். பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் அதே மரியாதைதான். ஒரு பகல் முழுக்க நடக்க வேண்டும்.

என் அக்கா புருஷன் எங்கிருந்தோ துப்புத் துலக்கி வந்தார். "மச்சான், மூத்த பொண்ணுக்கு வந்த ஒருத்தன் பாதி வழியில மூச்சு வாங்கி உட்கார்ந்துட்டானாம். சம்பந்தமும் அங்கேயே உட்கார்ந்துடுச்சாம். நீ எங்கயும் உட்காரக் கூடாது, புரியுதா?"

புரிந்தது. அன்று முதல் சாப்பாடு இறங்கவில்லை.

அத்தானே மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய பட்டாளத்துக் கம்பளிக் கோட்டு வாங்கி வந்தார். அதற்குள் என்னைப் போல் இரண்டு பேர் குடியிருக்கலாம். சரி, அளவு குறைத்துவிடுவோம் என்று தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் காதர் பாய் கடைக்குப் போனோம். மே மாதம், நடுப்பகல், தகரக் கூரை. பாய் பனியனோடு உட்கார்ந்து மெஷின் மிதித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், கோடைக்கானலா? அங்க குளிர் எலும்புக்குள்ள பூந்துகினு போவும். நீ மொதல்ல சட்டையக் கழட்டு, ஆறா ஊத்துது. இப்ப கையத் தூக்கு. காத்து பூரக் கூடாது, கச்சிதமா தச்சிக் குடுக்கறேன்."

சட்டையைக் கழற்றினேன். பனியனோடு நின்றேன். பாய் அளவெடுத்தார், அத்தான் மேற்பார்வை பார்த்தார். சட்டைக்கு மேல்தான் கோட்டுப் போடுவார்கள் என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தாம்பரத்து மே மாதத்தில் யாருக்குத் தோன்றும்?

கோடைக்கானல் லாட்ஜில், நடைக்குப் புறப்பட வேண்டிய காலையில்தான் விஷயம் வெளிப்பட்டது. சட்டைக்கு மேல் கோட்டுக்குள் நுழைந்தால் கை முழங்கையைத் தாண்டவில்லை. வெளியே மூடுபனி. எதிர்வீடு கூடத் தெரியவில்லை. என் பல் தந்தியடித்தது.

"சட்டையை விட்டுத் தள்ளு" என்றார் அத்தான். "மஃப்ளரைக் கழுத்துல சுத்திட்டா உள்ளே என்ன இருக்குன்னு யார் பார்க்கப் போறாங்க?" பிறகு அறையில் கிடந்த செய்தித்தாளை எடுத்து, என் நெஞ்சிலும் முதுகிலும் பனியனுக்கு மேல் தாள் தாளாக அடைத்துப் பொத்தானைப் போட்டார். "பட்டாளத்துல குளிருக்கு இப்படித்தான் பண்ணுவாங்க." (அத்தான் வேலை பார்த்தது ரேஷன் கடையில்.)

ஞானமணி அரைக்கைச் சட்டையோடு வந்து நின்றார். நான் மஃப்ளரை இன்னும் இறுக்கிக்கொண்டேன். பக்கத்தில் எஸ்தர், பருத்திப் புடவைக்கு மேல் ரோஜா நிறத்தில் ஒரு மெல்லிய கார்டிகன். அவள் என்னை மஃப்ளரிலிருந்து முழங்கால் வரை பார்த்துவிட்டு, போட்டோவில் அடக்கிய அதே சிரிப்பை மறுபடியும் அடக்கினாள்.

நடந்தோம். கால்மணி நேரம் கூட ஆகியிருக்காது, மூடுபனி விலகிச் சுள்ளென்று வெயில் வந்துவிட்டது. தைல மரங்களுக்கு நடுவே பாதை ஏறிக்கொண்டே போனது. ஒரு பக்கம் பச்சைப் புல்மேடு, மறுபக்கம் பள்ளத்தாக்கில் மேகம் கீழே மிதந்தது. மேகத்துக்கு மேலே நின்றுகொண்டு ஒரு மனிதன் வியர்வையில் குளிக்க முடியும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

ஞானமணி ஒவ்வொரு கட்டடத்துக்கு முன்னாலும் கைத்தடியை ஊன்றி நின்றார். "பாருங்க தம்பி, கூரை எப்படிச் செங்குத்தாச் சரியுது! இங்கே பனிக்கட்டியா கொட்டுது? இல்ல. வெள்ளைக்காரன் அவன் ஊர் மலையை நினைச்சுக் கட்டினான். ஏக்கத்துல கட்டின கூரை இது." இன்னொரு வீட்டில் புகைபோக்கி, இன்னொன்றில் கண்ணாடி அடைத்த வராந்தா. ஒரு மாதா கோயிலின் கருங்கல் சுவரைத் தட்டிக் காட்டி, "தொட்டுப் பாருங்க. நல்ல சுவர் மூச்சு விடும்" என்றார்.

சுவர் விட்டது. நான்தான் விடவில்லை.

"வெயில் ஏறுதே, கோட்டைக் கழட்டிடுங்களேன்" என்றாள் எஸ்தர். அவள் தன் கார்டிகனை எப்போதோ கழற்றித் தோளில் போட்டிருந்தாள்.

"இல்லைங்க, எனக்கு இதுதான் சௌகரியம்" என்றேன். மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

எங்கும் உட்காரக் கூடாது என்ற உபதேசப்படி நானும் உட்காரவில்லை. அத்தான்தான் முதல் மேட்டிலேயே ஒரு கல்லில் உட்கார்ந்து, பிறகு வேண்டாவெறுப்பாகப் பின்னால் வந்துகொண்டிருந்தார். கம்பளி நூல் தொண்டைக்குள் போய் இருமல் வேறு. ஞானமணியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கட்டடத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தார்.

"தம்பிக்கு இருமல் எத்தனை நாளா?"

"இப்பதான் சார், மலை ஏறினதிலேருந்து."

"சாயங்காலம் ஆனா உடம்பு காயுமா? பசி எப்படி?"

மாப்பிள்ளை மேல் எவ்வளவு அக்கறை என்று உருகிப்போனேன். "கொஞ்ச நாளா சாப்பாடே இறங்கறதில்ல சார். நாலு பேர் இளைச்சுட்டேன்னு சொல்றாங்க" என்றேன். (காதலை ஜாடையாகச் சொல்லிவிட்டதாக நினைப்பு.)

"தாம்பரத்துலதானே பெரிய காசநோய் ஆஸ்பத்திரி இருக்கு?" என்று அத்தானைக் கேட்டார்.

அத்தானுக்கு ஊர்ப்பெருமை பொங்கிவிட்டது. "நமக்குப் பக்கம்தாங்க! எக்ஸ்ரேக்கெல்லாம் எங்க ஊர்ல பஞ்சமே இல்ல."

ஞானமணி என் அருகில் வந்து நின்று, நான் மூச்சு வாங்குவதைத் தலை சாய்த்துக் கேட்டார். நெஞ்சு ஏறி இறங்கும்போதெல்லாம் கோட்டுக்குள் செய்தித்தாள் சரசரத்தது. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஏனென்று புரியவில்லை.

கடைசியாக அவர் பொறுப்பில் இருந்த ஒரு பூட்டிய பங்களாவைத் திறந்து உள்ளே கூட்டிப்போனார். என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். தம் கையாலேயே கணப்பு அடுப்பில் விறகை அடுக்கிப் பற்றவைத்தார். ஒரு கம்பளியைக் கொண்டுவந்து எனக்குப் போர்த்தினார். கோட்டு, மஃப்ளர், செய்தித்தாள், கம்பளி, முன்னால் நெருப்பு. நரகத்தைப் பற்றி எங்கள் சர்ச் ஐயர் பிரசங்கம் செய்தபோது நான் இன்னும் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

"தம்பி, எனக்கு ஒரு தம்பி இருந்தான்" என்றார் ஞானமணி மெதுவாக. "அவனும் வெயில்ல கம்பளியைச் சுத்திக்கிட்டுத்தான் உட்காருவான். நெஞ்சுல இதே சத்தம் கேட்கும். சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு மறைச்சுட்டான். மருந்து சாப்பிட்டா இப்பல்லாம் சரியாகிடும் தம்பி. நீங்க மறைக்காதீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பளியை உதறிவிட்டு எழுந்தேன். "எனக்கு ஒண்ணுமில்ல சார்! சத்தியமா ஒண்ணுமில்ல!"

"அப்படின்னா கோட்டைக் கழட்டிட்டு உட்காருங்களேன்."

எஸ்தர் எதிரே நின்றாள். அவள் சிரிக்கவில்லை. அவள் முகத்தில் இருந்த இரக்கத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கழற்றினால் பனியனோடும் பழைய பேப்பரோடும் நிற்பேன், மானம் போகும். கழற்றாவிட்டால் இந்தப் பெண் போய்விடுவாள். அத்தானைப் பார்த்தேன். அவர் கூரையின் மர உத்தரத்தை மிகுந்த ஈடுபாட்டோடு ரசித்துக்கொண்டிருந்தார்.

ஞானமணி பெருமூச்சு விட்டு எழுந்தார். "சரி தம்பி, பரவாயில்ல. நாங்க ஜெபிச்சிட்டுச் சொல்லி..."

"ஐயோ, ஜெபிக்காதீங்க சார்!" என்று கத்திவிட்டேன். ஒரு கிறிஸ்தவன் சொல்லக்கூடாத வார்த்தைதான். சொல்லிக்கொண்டே கோட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். காதர் பாயின் கச்சிதமான தையல் பட்டென்று விட்டது. ஒரு பொத்தான் தெறித்து நெருப்புக்குள் போய் விழுந்தது. செய்தித்தாள்கள் நனைந்த அப்பளம் போலத் தொப்புத் தொப்பென்று தரையில் இறங்கின. வெள்ளைப் பனியனில் மை ஏறி, நெஞ்சு முழுக்கக் கறுப்பு எழுத்துகள் இடவலம் மாறிப் பதிந்திருந்தன.



ஞானமணி குனிந்து ஒரு தாளை எடுத்து அசைத்துப் பார்த்தார். சரசரவென்றது. "சட்டை எங்க தம்பி?"

"லாட்ஜ்ல, பெட்டிக்குள்ள."

"சட்டைக்கு மேலதானே கோட் போடுவாங்க?"

"அளவெடுக்கும்போது நான் சட்டை போட்டிருக்கல சார்."

எஸ்தர் ஓரடி முன்னால் வந்து தலையைச் சாய்த்து என் நெஞ்சைப் பார்த்தாள். "அப்பா, இதுல மழை வரும்னு போட்டிருக்கு" என்றாள். அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. கல் சுவரெல்லாம் எதிரொலிக்கச் சிரித்தாள். நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. அதே சமயம், இந்தச் சிரிப்பை ஆயுசு முழுக்கக் கேட்க வேண்டும் என்றும் இருந்தது.

ஞானமணி சிரிக்கவில்லை. கணப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டுக் கைத்தடியை எடுத்தார். "வாங்க, இன்னும் மணிக்கூண்டு பாக்கி இருக்கு."

கோட்டு இனிப் போடும் நிலையில் இல்லை. எஸ்தர் ஒன்றும் சொல்லாமல் தோளிலிருந்த ரோஜா நிறக் கார்டிகனை நீட்டினாள். காலரில் பூ வேலை. அதை மாட்டிக்கொண்டு நான் மணிக்கூண்டு பார்த்தேன், ஏரிக்கரையில் நடந்தேன், கடைத்தெருவைக் கடந்தேன். மட்டக்குதிரைக்காரர்கள் சவாரிக்குக் கூப்பிடுவதைக் கூட நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் எங்கும் உட்காரவில்லை.

பஸ் ஏற்றிவிடும்போது ஞானமணி என் தோளில் கை வைத்தார். "நீங்க நல்ல பிள்ளை. இருந்தாலும் என் மனசு கேட்கல. ஒரு படம் எடுத்து அனுப்பிடுங்க."

ஊருக்கு வந்ததும் எக்ஸ்ரே எடுத்து, அட்டை வைத்துக் கட்டித் தபாலில் அனுப்பினேன். பதில் வரும்வரை நான் பட்ட பாட்டில் நிஜமாகவே இளைத்துப்போனேன். ஓவர்சியர் தந்தி கொடுத்தார்: "சுவரில் விரிசல் இல்லை. தேதி குறிக்கலாம்."

எங்கள் கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் முதலில் இருப்பது அந்த எக்ஸ்ரேதான். வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் எஸ்தர் அதை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டாமல் விடமாட்டாள். நான் எதையாவது வாங்கித்தர மறுத்த நாளாக இருந்தால் கூடுதலாக ஒரு வரியும் சொல்வாள்: "எல்லாரும் கல்யாணத்துக்கு அப்புறம்தான் புருஷன் உள்ளுக்குள்ள எப்படின்னு பார்ப்பாங்க. நான் முன்னாடியே பார்த்தேன். இதயம் அப்பவே இத்துனூண்டுதான் தெரிஞ்சுது. நான்தான் படம் சரியா விழலைன்னு நினைச்சு ஏமாந்துட்டேன்."