பச்சை வேட்டியைப் பார்த்து நீந்திய விவரம்

திருநெல்வேலி,
தைப்பூசம் கழிந்த நாலாம் நாள்.

சிரஞ்சீவி மாப்பிள்ளை சிவசண்முகம் அவர்களுக்கு,

அத்தான் நெல்லையப்பன் எழுதிக்கொள்வது. மஸ்கட்டில் தாங்களும் வீட்டாரும் நலமாயிருக்க காந்திமதி அம்மனை வேண்டுகிறேன். இங்கே நானும் உங்கள் அக்கா கோமுவும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் அறிய வேண்டுமானால் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

அக்கா உங்களிடம் பவர் வைத்த நீச்சல் கண்ணாடி கேட்டிருப்பதாக அறிந்தேன். தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.

மூட்டுவலிக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், இந்த வயதில் இவள் ஆற்றில் குறுக்குத்துறைப் படித்துறையே கதி என்று ஆகிவிட்டாள். மைனஸ் எட்டு பவர். கண்ணாடியைக் கழற்றினால், எதிரே நிற்பது நானா கதவா என்று கேட்பாள். முதலில் கண்ணாடியைக் கயிறு கட்டிப் போட்டுக்கொண்டு குதித்தாள். கயிறு மட்டும் திரும்பி வந்தது. லென்ஸ் போடலாம் என்றால், அதோடு ஆற்றில் இறங்கினால் கிருமி புகுந்து கண்ணே போய்விடும் என்று கண் டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். அப்புறம் வெறுங்கண்ணோடு நீந்தி, பாறை என்று நினைத்து ஒரு எருமை மேல் கைவைத்து இளைப்பாறியிருக்கிறாள். பாறை எழுந்து நடந்த பிறகும் அவளுக்குப் பயம் வரவில்லை, எனக்குத்தான் வந்தது.

இந்த லட்சணத்தில் பூசத்தன்று நீச்சல் சங்கத்தார் பெண்களுக்கு ஆற்றுப் போட்டி வைத்தார்கள். குறுக்குத்துறையில் இறங்கி கொக்கிரகுளத்தில் ஏற வேண்டும். பேர் கொடுத்துவிட்டாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன்.

"எனக்கு உருவந்தான் தெரியாது, நிறம் தெரியும்லா. நீங்க பளிச்சுன்னு ஒரு வேட்டியக் கட்டிக்கிட்டு அங்கன நில்லுங்க. நான் ஒங்களப் பாத்து வந்துருதேன்" என்றாள்.

'ஒங்களப் பாத்து' என்றாளே, அதில்தான் விழுந்தேன். கடைக்குப் போய் கிளிப்பச்சையில் வேட்டி எடுத்தேன். பூசத்தன்று பச்சை எடுத்தவன் இந்த ஊரில்தான் பிறந்தானா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. திருச்செந்தூருக்கு நடந்து போகிற பக்தர்கள் பச்சை உடுத்தித்தான் வருவார்கள், போகிற வழியில நம்ம ஆத்துலதான் குளிப்பாங்க. பிறந்ததுலேருந்து பாக்கேன், அன்னைக்கு மட்டும் புத்தியில தட்டல.

கரை முழுக்கப் பச்சை. இவ எந்தப் பச்சையப் பாத்து வருவா? மத்த பொம்பளைங்க எல்லாம் ஏறி தலை துவட்டுதாங்க, கோமுவ மட்டும் காணோம். சங்கத்துக்காரர் ஆள எண்ணிட்டு மறுபடி எண்ணுதாரு. எனக்கு நீச்சல் தெரியாது. இறங்கிட்டேன். நெஞ்சளவுத் தண்ணியில வழுக்கி என் கண்ணாடியும் போச்சு. அதுக்கப்புறம் எனக்கும் எல்லாமே பச்சைதான். அந்த நேரம் முருகனக்கூடக் கூப்பிடத் தோணல. வீட்டுல 'ஏளா'ன்னுதான் கூப்பிடுவேன், அன்னைக்கு 'கோமதி, கோமதி'ன்னு ஆறு பூரா கேக்கக் கத்துனேன்.

ஆத்துல கொஞ்சம் மேல அவ சத்தம் கேட்டுது. யாரோ ஒரு பச்சை வேட்டிக் குருசாமி கையப் பிடிச்சுக்கிட்டு, கரையில நிக்கச் சொன்னா தண்ணிக்குள்ள என்ன செய்யுதிய, அதுக்குள்ள இந்தத் தாடி எங்கருந்து வந்துதுன்னு ஏசிக்கிட்டு இருக்கா. அவர் 'தாயே முருகா'ன்னு நடுங்குதாரு. நான் தட்டுத்தடுமாறிப் போய் அவ இன்னொரு கையப் பிடிச்சேன். தடவிப் பாத்துட்டு, "இதான் அவுக கை"ன்னு அவர விட்டா. கண்ணாடியும் போச்சுன்னு சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துட்டு.

"ஏன் அழுவுதிய, கண்ணாடி போச்சுன்னா?"

"ஒன்னக் காணோம்லா" என்றேன்.

அதுக்கப்புறம் அவ வீடு வாரவரைக்கும் என் கைய விடல.

ஆகவே மாப்பிள்ளை, நீச்சல் கண்ணாடி வரவில்லை என்றால் அவள் ஆற்றுக்குப் போவதும் நின்றுவிடும். அவள் இல்லாமல் இருக்க எனக்குத் தைரியம் கிடையாது. நீங்கள் சொன்னால் கேட்பாள்.

என் புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை. மூக்கைத் தாளில் ஒட்டி எழுதுகிறேன், வரி கோணியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். எல்லோரும் தீர்க்காயுசோடு, கூடுமானவரை தரையிலேயே இருக்கவும்.

இப்படிக்கு,
அத்தான்
நெல்லையப்பன்

பி.கு.: தபாலில் சேர்க்குமுன் அக்கா இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுத் தாளை நாலாக மடித்து என் கையில் வைத்தாள். பிறகு, "அடுத்த தடவ கரையில நிக்காதிய, கூடவே வாங்க" என்றாள். இன்று காலை இடுப்பளவுத் தண்ணீரில் அவள் என் வயிற்றைத் தாங்கிப் பிடிக்க, கால் அடித்துப் பழகினேன். ஆகையால் நீச்சல் கண்ணாடி இரண்டாக அனுப்பவும். அவளுக்கு மைனஸ் எட்டு, எனக்கு மைனஸ் நாலு. எந்த நிறமானாலும் சம்மதம், பச்சை மட்டும் வேண்டாம்.