ஓடாத எஞ்சினும் ஓடிக்கொண்டே இருந்த கீரியும்

ஒரு காட்டில் ரயில்வே மியூசியம் ஒன்று இருந்தது. காட்டுக்குள் அது எப்படி வந்தது என்று குறுக்கே கேட்காதீர்கள். நரி பேசினால் நம்புகிறீர்கள் அல்லவா, இதையும் நம்புங்கள்.

அங்கே நின்ற பழைய நீராவி எஞ்சினின் கரி அடுப்புக்குள் கனகவல்லி என்ற கீரி மூன்று குட்டிகளோடு குடியிருந்தாள். தண்டவாளத்துக்கடியில் நுழையும் பாம்புகளைத் துரத்துவது அவள் வேலை. நாள் முழுக்க ஓட்டம்தான். சம்பளமா? நன்றாகக் கேட்டீர்கள்.

ஒரு நாள் அடுப்புக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'வெள்ளிக்கிழமை யானை கமிஷனர் பார்வையிட வருகிறார். அதற்குள் காலி செய்யவும். இப்படிக்கு, கரடி, சூப்பிரண்டு.'

குட்டிகளுக்கு இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. கனகவல்லி ஆபீசுக்கு ஓடி, வரிசையில் நின்று, குமாஸ்தா குரங்கைப் பிடித்தாள்.

"பச்சைப் பிள்ளைகளோடு நான் எங்கே சார் போவேன்? நான் போனால் பாம்பை யார் பார்ப்பார்கள்?"

"ஏம்மா, என் ரிஜிஸ்டரில் இருப்பது ஒரே தலைப்பு, 'ஓய்ந்து நிற்பவை'. நீ ஓடிக்கொண்டே இருக்கிறாய். உன்னை எங்கே எழுத?"

திரும்பி வந்தவளைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற டீசல் எஞ்சின் சிரித்தது.

"அசடே, நாற்பது வருஷம் சரக்கு இழுத்தேன். முகம் துடைக்க ஒரு கந்தல் கிடையாது. ஒரு நாள் 'இனி முடியாது' என்று நின்றேன். மறுநாளே பச்சைப் பெயிண்ட், சுற்றிலும் கயிறு, 'தொடாதீர்கள்' பலகை. நீயும் நின்றுதான் பாரேன்."

அந்த மியூசியத்தில் ஒரு வழக்கம். பெரிய அதிகாரி வருகிறார் என்றால், அசையாத எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடித்துப் பலகை மாட்டிவிடுவார்கள். யோசிப்பதெல்லாம் வேறு இலாகா.

வெள்ளிக்கிழமை காலை கனகவல்லி அடுப்பு வாசலில் அசையாமல் உட்கார்ந்தாள். முந்தாநாள் அவளோடு வாதாடிய அதே குரங்குதான் வந்தது. அவள் முதுகில் பச்சையாக ஒரு கோடு இழுத்தது. பலகை மாட்டியது: 'கீரி, பழைய மாடல். தொடாதீர்கள்.'

யானை வந்தது. பின்னாலேயே ஒரு நல்லபாம்பும் வந்தது. அவ்வளவுதான், யானை எஞ்சின் கூரைமேல் ஏறி நின்றது. எப்படி ஏறியது என்று அதற்கே தெரியாது.

"கனகவல்லி! பிடிம்மா!" என்று அலறியது கரடி.

அவள் உதடு அசையாமல் சொன்னாள்: "பலகையைப் படியுங்கள் சார்."

"அவளை நிரந்தரமாக்கித் தொலையுங்கள்! அப்போதாவது பிடிக்கிறாளா பார்ப்போம்!" என்று கூரையிலிருந்து பிளிறியது யானை.

எழுதினார்கள். கையெழுத்து, முத்திரை எல்லாம் ஆயிற்று. கனகவல்லி அப்போதும் அசையவில்லை. நிரந்தரமான பிறகு யார் அசைகிறார்கள்?

பாம்போ, கீரியைக் கண்ட பயத்தில் விறைத்துச் சுருண்டு கிடந்தது. குரங்கு விடுமா? அதற்கும் ஒரு கோடு பெயிண்ட், ஒரு பலகை: 'தண்ணீர்க் குழாய், நீராவிக் காலம்.'

அடுப்புக்குள் குட்டிகள் நிம்மதியாகக் கண் திறந்தன. யானையை இறக்க ஏணிக்கு மனுப் போட்டிருக்கிறார்கள்.

நீதி: ஓடி ஓடி உழைத்தால் வெளியே போகச் சொல்வார்கள். ஒரு நாள் சும்மா நின்றுவிடுங்கள், கயிறு கட்டிக் காப்பாற்றுவார்கள். பாம்பை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.