ஈசாக்கின் வீடு எந்தப் பக்கம்?

ஈசாக்கின் வீட்டின்மேல் அம்புக்குறியை வைத்து அழுத்தியதும் கணினித் திரையில் மஞ்சளாக ‘தமிழ்நாடு’ என்று வந்தது. சிவபிரசாதுக்கு அது சரியான விடை. அவனுடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த ஈசாக்குக்கு அப்படித் தோன்றவில்லை.

பனச்சமூட்டில் ரப்பர் ஷீட் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தக் கேரள சர்க்கார் கணினி மையம். இணையத்தில் இயங்கும் வரைபடம் ஒன்றைச் செய்து காட்டினால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் திருவனந்தபுரத்துக் கம்பெனி சிவபிரசாதைத் திங்கட்கிழமை வேலையில் சேர்த்துக்கொள்ளும். சொந்த ஊரையே வரையலாம் என்று முடிவு செய்தவன் அவன்தான். ஊருக்கு நடுவே தமிழ்நாடு, கேரள எல்லை ஓடுவது அன்றைக்கு ஒரு சிறப்பாகப் பட்டது.

“எனக்கு ரெண்டு பக்கமும் ரேஷன் கார்டு உண்டு மக்கா,” என்றார் ஈசாக். “அரிசி அங்க, சீனி இங்க. ஊருக்கே தெரிஞ்ச காரியமாக்கும்.”

“இது பரீட்சைக்கு உள்ளது அண்ணே.”

“லோகம் முழுக்க இதைப் பாக்கலாம்னு சாயாக்கடையில பெருமை பேசினது நீதானே? லோகத்தில ரேஷன் சப்ளை ஆபீசும் உண்டில்லா?”

சிவபிரசாத் மவுசை உருட்டினான். ஈசாக் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

“அடுக்களை அங்க, முன்னால உள்ள ரூம் இங்க. எல்லைக் கோட்டை நடுவில விட்டா போதும்,” என்று சொல்லிவிட்டு ஈசாக் படியிறங்கினார்.

கோட்டை நகர்த்தினான். மென்பொருள் புதிது. ஒரு புள்ளியை இழுத்தால் பக்கத்துப் புள்ளிகளையும் அதுவே இழுத்து ஒழுங்குபடுத்தும். கோடு ஈசாக்கின் வீட்டுக்கு நடுவே போனது. போகிற போக்கில் விலாசினியின் வீட்டை முழுதாகக் கேரளத்துக்குள் தள்ளிவிட்டது.

விலாசினி தமிழ்நாட்டில் விதவைப் பென்ஷன் வாங்குகிறவள். மறுநாள் வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாள். சண்டை போடவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினாள். கீழே ஷீட் விற்க வந்தவர்கள் சிவபிரசாத் அவளை என்ன செய்தான் என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

அவசரமாக அவள் வீட்டைச் சுற்றிக் கோட்டை வளைத்தான். அந்த வளைவில் சோமனின் சாயாக்கடை தமிழ்நாட்டுக்குப் போயிற்று. கேரளப் பஞ்சாயத்து லைசென்ஸ் வைத்திருந்த சோமன், மையத்துக்குச் சாயா அனுப்புவதை நிறுத்தினான். கணினி சொல்லித் தரும் ராஜதாசுக்குச் சாயா இல்லாமல் தலை வலிக்கும். தலை வலித்தால் அவர் யாருக்கும் எதுவும் சொல்லித் தரமாட்டார்.

ஒரே வீடு இரண்டு மாநிலத்திலும் இருக்கட்டும் என்று மென்பொருளிடம் கேட்டுப் பார்த்தான். அப்படி ஒரு வீடு இருக்க முடியாது என்று அது சிவப்பில் எழுதியது. பனச்சமூட்டைப் பற்றி அதற்கு என்ன தெரியும் என்று எரிச்சலோடு கோட்டையே அழித்தான். எல்லை இல்லாமற் போனதும் திரை முழுவதும் மஞ்சள் பரவியது.

ராஜதாஸ் நெற்றியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார். “எலே, கேரளத்தை எங்க கொண்டு போட்ட?”

பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் அவன் பொறுமை இழந்தான். இனி யாருக்காகவும் இல்லை என்று சர்வே வரைபடத்தை எடுத்து வைத்து, அதில் உள்ளபடியே கோட்டைத் திரும்பப் போட்டான். அப்போது, விலாசமெல்லாம் எழுதிக் கொடுத்து அவனை இந்தக் கோர்சில் சேர்த்துவிட்ட அப்பா பூதலிங்கம் மாடியேறி வந்தார். மகனைக் காட்டிலும் குறைவாகப் பேசுகிறவர். திரையை வெகுநேரம் பார்த்தார்.

“மக்கா, நம்ம வீட்டை மட்டும்...”

“நீங்களுமா அப்பா? உள்ளது உள்ளபடிதான் இருக்கும்.”

பூதலிங்கம் திரையில் தங்கள் வீட்டின்மேல் ஒரு விரலை வைத்து எடுத்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

பரீட்சை எடுக்க வந்த சத்யபாமா மேடம் கண்டிப்பானவர். சர்வே வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து ஒவ்வொரு வளைவையும் ஒத்துப் பார்த்தார். ஒரு இடத்திலும் பிசகில்லை. இந்த ஜில்லாவில் இத்தனை நேர்மையான வரைபடத்தைத் தான் பார்த்ததில்லை என்று மலையாளத்தில் சொன்னார். ராஜதாஸ் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறை. மேடம் சான்றிதழை எடுத்துப் பேனாவைத் திறந்தார். கையெழுத்துக்கு முன், எல்லாம் முடிந்த சந்தோஷத்தில், அவனுடைய வீடு எங்கே என்று கேட்டார்.

சிவபிரசாத் நிமிர்ந்து உட்கார்ந்து தன் வீட்டின்மேல் அழுத்தினான். மஞ்சளாக ‘தமிழ்நாடு’ என்று பளிச்சென்று வந்தது.

முத்திரையோடு பக்கத்தில் நின்ற பியூன் தங்கப்பன் குனிந்து பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னான்:

“மேடம், கேரளத்தில வீடு உள்ள பிள்ளையளுக்கு மட்டும் உள்ள கோர்சாக்கும் இது.”