அம்மாடி கம்பவுண்டருக்கு வலித்த ஊசி

உலகத்தில் யாருக்கு ஊசி போட்டாலும் அந்த வலி போய்ச் சேருகிற ஒரே விலாசம், எங்கள் சுங்குவார்சத்திரத்து அம்மாடி கம்பவுண்டர்தான். அவருக்கென்று அப்பா, அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நோயாளி வாயைத் திறக்கும் முன்பே இவர் "அம்மாடி!" என்று அலறிவிடுவதால், அதை யாரும் விசாரிக்கவில்லை.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டாக்டரின் கிளினிக். மிக்ஸ்சர் கலப்பதும் கட்டுப் போடுவதும் கம்பவுண்டர் வேலை. ஒருநாள் முட்டி பெயர்ந்து வந்தார் ஒரு லாரி கிளீனர். கம்பவுண்டர் பஞ்சால் துடைத்து, டிஞ்சர் தடவி, அழகாகக் கட்டுப் போட்டு, "தண்ணி படாம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே உள்ளே போனார்.

"யோவ், என் காலு இங்க கீதுய்யா!" என்று கத்தினார் கிளீனர். கட்டு கம்பவுண்டரின் முட்டியில் இருந்தது.

ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போனார். கன்னத்தில் அலகு குத்திக்கொண்டவர் பாட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருக்க, வேடிக்கை பார்த்த இவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். பேச முடியாத நிலையிலும் இவருக்கு சோடா வாங்கிக் கொடுக்கும்படி சைகை காட்டியவர் அந்த அலகு குத்தியவர்தான்.

மனைவியின் பிரசவத்தன்று வாசலில் உட்கார்ந்து இவர் போட்ட கூச்சலில் மருத்துவச்சி வெளியே ஓடி வந்தாள். "இன்னாய்யா இது, உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணா? நான் ஒருத்திதான் கீறேன்!"

டாக்டர் எனக்கு ஒருமுறை விளக்கினார். "புஸ்தகத்துல இல்ல டீச்சர், என் அனுமானம். அடுத்தவனுக்கு அடிபட்டா நமக்கும் லேசா உடம்பு கூசும். உடனே மூளை, 'சும்மா இரு, அது உன் காலு இல்ல'ன்னு அடக்கிடும். இந்த ஆளுக்கு அந்த அடக்குற ஆபீசர் நிரந்தர லீவு."

இதையெல்லாம் நானும் பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன், என் மகள் ஜெசியை நாய் கடிக்கும்வரை.

அப்போது அவளுக்கு ஐந்து வயது. கடித்த நாய் மறுநாளே வாயில் நுரையோடு செத்துக் கிடந்தது. ஜெசி இப்போது பத்தாவது படிக்கிறாள். ஆனாலும் தெருவில் ஒரு நாய் குரைத்தால், இவள் எங்கே என்று இன்றும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறேன்.

டாக்டர் பட்டணத்திலிருந்து மருந்து வரவழைத்தார். தொப்புளைச் சுற்றி தினம் ஓர் ஊசி. "ஒரு நாள்கூட விடக்கூடாது டீச்சர். நோய் வந்துட்டா அப்புறம் எந்த மருந்தும் கேக்காது" என்றார். முதல் நாள் நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்தோம். இரண்டாம் நாள் ஜெசி டாக்டரின் கட்டை விரலைக் கடித்துவிட்டாள். நாய்க்கடிக்கு வைத்தியம் பார்த்தவருக்கு என் பெண் கடி! மூன்றாம் நாள் அந்த விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கி, அவரால் சிரிஞ்சைப் பிடிக்கவே முடியவில்லை.

கம்பவுண்டரைக் கூப்பிட்டார்.

"நானா? வேணாம் டாக்டர். அந்தக் கொயந்த வயித்துல ஊசின்னு நெனச்சாலே எனக்கு இங்க குத்திகினு கீது."

"நீ போடலைன்னா அந்தக் குழந்தை பிழைக்காதுய்யா!"

ஜெசி பெஞ்சுக்கு அடியில் புகுந்து அதன் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் இழுத்தால் பெஞ்சும் கூடவே வந்தது. கொதித்த தண்ணீரிலிருந்து ஊசியை எடுத்து, மருந்தை ஏற்றிக்கொண்டு வந்த கம்பவுண்டர், அவள் முகத்தைப் பார்த்ததும் "அம்மாடி!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிஞ்சை மட்டும் தலைக்கு மேலே பத்திரமாகத் தூக்கிப் பிடித்திருந்தார்.

ஜெசி அழுகையை நிறுத்தினாள். "உன்னியும் நாய் கட்ச்சிதா?"

"இல்ல கண்ணு. உனக்குப் போடறது எனக்கு வலிக்குது."

"ரொம்பவா?"

"உசுரு போவுது."

அவள் தவழ்ந்து வெளியே வந்து, மேஜை மேல் தானாகவே ஏறிப் படுத்து, கவுனைத் தூக்கிக்கொண்டாள். "சீக்கிரம் போட்டுடு மாமா. இல்லாங்காட்டி உனக்கு வலிச்சிகினே இருக்கும்."

போட்டார். அவர் போட்ட அலறலில், எதிரே கிளம்பிய பஸ்ஸை யாரோ சக்கரத்தில் விழுந்துவிட்டதாக நினைத்து கண்டக்டர் விசிலடித்து நிறுத்தினார். ஜெசிக்கு அழ நேரமே இல்லை. எழுந்து உட்கார்ந்து கம்பவுண்டரின் சட்டையை விலக்கி, அவர் தொப்புளில் ஊதிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். நான் கிளம்பத் தாமதித்தால் "வாம்மா, மாமா பாவம்" என்று என் கையைப் பிடித்து இழுப்பாள். டீக்கடையில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் கம்பவுண்டரின் அலறலைச் சங்காக வைத்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

கடைசி ஊசியும் முடிந்தது. ஜெசி குதித்து இறங்கி, வாசலில் போகிற வண்டிகளுக்கு டாட்டா காட்ட ஓடிவிட்டாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அத்தனை நாளும் குழந்தை பயந்துவிடக் கூடாதே என்று கண்ணில் ஒரு சொட்டு வரவிடாமல் இருந்தவள், அன்றைக்கும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். மருந்து கலக்கும் அறையிலிருந்து விசும்பல் சத்தம் கேட்டது.

"எல்லாந்தான் முடிஞ்சிடுச்சே, இப்ப என்னய்யா?" என்றார் டாக்டர்.

கம்பவுண்டர் மார்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "தெரியல டாக்டர். கொயந்த நல்லாத்தான் கீது. நெஞ்ச அடச்சிகினு வருது. யாருதுன்னே தெரியல."

"என்னுதுதான், அண்ணே" என்றேன். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.