லேப்டாப்பில் வைத்த விரல்

இயேசு மரி சூசை துணை

சூரியநெல்லி,
செவ்வாய்க்கிழமை.

வாளையாரில் எலக்ட்ரீசியன் வேலை பார்க்கும் என் மைத்துனன் செபஸ்தியானுக்கு அத்தான் அமிர்தநாதன் எழுதிக்கொள்வது.

இங்கே உன் அக்காவும் பின்சியும் சௌக்கியம். அங்கே நீங்களும் அப்படியே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். எனக்கு மட்டும் புத்தி குழம்பிக் கிடக்கிறது. போனில் இரண்டு தடவை அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினேன். "சூப்பர் அத்தான்" என்று பதில் போட்டாய். அது பாட்டு இல்லையப்பா, கோளாறு. அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் கோயில் பாட்டுக்குழுவில் ஜீப் ஓட்டும் ஜின்சன் இப்போது கீபோர்டை லேப்டாப்போடு இணைத்து வாசிக்கிறான். ஸ்பீக்கரைப் போட்டதும் பாட்டுக்கு முந்திக்கொண்டு 'ஙொய்' என்று ஒரு சத்தம் வருகிறது. முப்பத்தி நாலு வருஷம் தேயிலை ஃபேக்டரியில் மிஷின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொன்னவன் நான், எனக்கே இது பிடிபடவில்லை, வயரை மாற்றினேன், போகவில்லை, டியூப் லைட், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்தேன், போகவில்லை, கடைசியில் கெபிக் குகையில் மாதா சிலையைச் சுற்றியிருந்த சீரியல் பல்பையும் அணைத்தேன், அங்கே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த கத்தரீனாள், "ஏண்ணே, மாதாவயே இருட்டுல நிக்க வச்சிட்டீகளே!" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். சலித்துப்போய் லேப்டாப்பின் தகட்டில் கையை ஊன்றினேன். கப்பென்று நின்றது! எடுத்தால் வருகிறது, வைத்தால் நிற்கிறது. "மாமா, ஒங்க கை ராசியான கை. வேற யாரு தொட்டாலும் நிக்க மாட்டேங்குது" என்றான் ஜின்சன்.

அன்று முதல் ஏழு ஞாயிறாகப் பூசை முழுக்க லேப்டாப்பில் விரலை வைத்தபடி நிற்கிறேன். எல்லோரும் முழங்காலிட்டாலும் நான் நிற்கிறேன். போன வாரம் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது தும்மல் வந்து விரல் நழுவிவிட்டது. சாமியார் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

விஷயம் என்னவென்றால், வருகிற திங்களுக்கு அடுத்த திங்கள் பின்சிக்குக் கல்யாணம், உனக்குத் தெரியும். அப்பா கையைப் பிடித்துத்தான் பீடத்துக்கு நடப்பேன் என்கிறாள். வாசலில் அவள், பீடத்தோரம் லேப்டாப், நடுவில் அறுபது அடி. விரலை எடுத்தால் வருகைப் பாட்டு நாறிப்போகும், எடுக்காவிட்டால் என் பிள்ளை தனியாக நடக்கும். நினைத்தால் அழுகை வருகிறது. தாய்மாமன் சீர்த் தட்டில் தேங்காய் பழத்தோடு, என் விரலுக்குப் பதிலாக லேப்டாப்பில் மாட்ட நல்ல எர்த் கம்பி ஒன்றும் வைத்துக் கொண்டு வா. யாராவது கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர். காவல் சம்மனசுகள் உங்களுக்கு வழித்துணையாக வரட்டும்.

இப்படிக்கு,
அத்தான் அமிர்தநாதன்

பி.கு.: எர்த் கம்பி வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் பின்சி கடிதத்தைப் படித்துவிட்டாள். "சார்ஜரப் புடுங்கிட்டா சத்தமே வராதுப்பா. பேட்டரியில ரெண்டு மணி நேரம் ஓடும். யாரு தொட்டாலும் நிக்கும்கிறதும் ஜின்சன் அண்ணனுக்கு மொத வாரமே தெரியும்" என்றாள். கரண்டு இருக்கும்போதே பேட்டரியில் ஓட்டலாம் என்று இந்த மலையில் யாருக்கப்பா தோன்றும்? ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "பல்லு போயி பாட்டுக்குழுவ விட்டதுலருந்து கடைசி பெஞ்சிலதான ஒக்காந்திருந்தீக. இப்பத்தான் முன்னால வந்து நிமிந்து நிக்கிறீக. எப்படிப்பா சொல்லுவோம்?" என்றாள். கல்யாணத்தன்று அவளோடு நான்தான் நடக்கிறேன். அதற்கடுத்த ஞாயிறிலிருந்து மறக்காமல் சார்ஜரைச் செருகிவிட வேண்டும் என்று ஜின்சனிடம் சொல்லிவிட்டேன்.